பச்சையை எடுக்கிற மெஷின்

மார்ச் 3, செவ்வாய்

மெஷின் வந்துவிட்டது! காலையில் கோயமுத்தூரிலிருந்து வேனில் ஏற்றி வந்து, நாலு பேர் பிடித்து, என் பார்லரின் பின் அறையில் இறக்கி வைத்தார்கள். லேசர் மெஷின். உடம்பில் பச்சை குத்தியதை எடுக்கிற மெஷின். உடுமலைப்பேட்டையில் வேறு எந்த பார்லரிலும் கிடையாது. இப்பேர்ப்பட்ட நாளை எழுதி வைக்காவிட்டால் எப்படி? அதனால் இன்று முதல் டைரி.

டைரி என் வீட்டுக்காரருடையது. மாட்டுத்தீவனக் கடை வைத்திருக்கிறார். தீவனக் கம்பெனி கொடுத்தது. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் மாடு வளர்ப்பவர்களுக்கு ஒரு யோசனை அச்சடித்திருக்கிறது. இன்றைக்கு, "கன்று ஈன்ற மாட்டுக்கு வெதுவெதுப்பான தண்ணீர் கொடுக்கவும்." சரி, கொடுத்துவிடலாம்.

கம்பெனிக்காரப் பையன் ஸ்டீபன்ராஜ் ட்ரெயினிங் கொடுத்தான். ஒரு வாழைப்பழத் தோலில் ஸ்கெட்ச் பேனாவால் பூ வரைந்து, மெஷினின் மூக்கை அதன்மேல் பிடித்து டிக் டிக் என்று அடித்தான். பூ போய்விட்டது. நானும் அடித்தேன். என்னிடம் பத்து வருஷமாக வேலை பார்க்கும் சகாயமேரியும் அடித்தாள். பிறகு பழத்தை மூன்று பேரும் பங்கு போட்டுச் சாப்பிட்டோம். ட்ரெயினிங் முடிந்தது. என் பெயரைப் போட்டுச் சான்றிதழும் கொடுத்துவிட்டான்.

லேசர் அறைக்கென்று மூன்று சுவரிலும் ஆளுயரக் கண்ணாடி பதித்திருக்கிறேன். வருகிற பெண் எந்தப் பக்கம் திரும்பினாலும் தன்னைப் பார்த்துக்கொள்ளலாம். மேரி, "கல்யாண மண்டபமாட்டம் இருக்குதுக்கா" என்றாள். என் வீட்டுக்காரர் சாயங்காலம் வந்து மெஷினை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, "பாலு எத்தன லிட்டர் கறக்கும்?" என்று கேட்டார். மனுஷனுக்குக் கொழுப்பு.

மார்ச் 5, வியாழன்

முதல் கிராக்கி வந்தாச்சு! இந்துஜா. கயிறு மில் பேபியம்மாவின் மகள். கபடிக்காரி. காலேஜ் டீமில் பல்கலைக்கழகக் கோப்பை ஜெயித்த அன்று, ஏழு பெண்களும் ஒரே மாதிரி வலது கையில், மணிக்கட்டுக்கு மேலே, சிறுத்தை முகத்தைக் குத்திக்கொண்டார்களாம். வலது கை ஏன் என்று கேட்டேன். "ரெய்டு போறப்ப தொடற கை அதுதானக்கா" என்றாள். நியாயம்தான்.

இப்போது அந்தக் கைதான் வில்லங்கம். துணை ராணுவத்துக்கு எழுதிப் பாஸாகிவிட்டாள். ஓட்டம், தாண்டல் எல்லாம் பாஸ். ஏப்ரல் 28 மெடிக்கல். சல்யூட் அடிக்கிற கையில் பச்சை இருந்தால் எடுக்க மாட்டார்களாம். "இந்த வேல கெடச்சா எங்கம்மாவ மில்லுல இருந்து நிறுத்திப்போடலாமுக்கா" என்றாள். பேபியம்மாவுக்கு நார் தூசியில் இளைப்பு வந்து வருஷமாகிறது.

"ஒரே மாசத்துல உன்ற சிறுத்தையக் காட்டுக்கே ஓட்டிப்போடறேன், பாரு" என்றேன். பதினாலாம் தேதி முதல் சிட்டிங். பிள்ளை என் கையைப் பிடித்துக்கொண்டு குதித்தாள். கபடிக்காரி பிடித்தால் எலும்பு தெரிகிறது.

மார்ச் 8, ஞாயிறு

மூன்று கல்யாணப் பெண்கள். இடுப்பு கழன்றுவிட்டது. எழுத ஒன்றும் இல்லை.

மார்ச் 10, செவ்வாய்

லீவு நாள். இருந்தாலும் மேரியை வரச்சொல்லி பார்லரைத் திறந்தேன்.

என்னிடம் ஒரு பழக்கம். புதிதாக எந்த க்ரீம் வந்தாலும், ப்ளீச் வந்தாலும், முதலில் என் இடது கையில்தான் போட்டுப் பார்ப்பேன். ஒரு நாள் விட்டுப் பார்த்து, ஒன்றும் ஆகாவிட்டால்தான் அடுத்தவள் முகத்துக்குப் போகும். பழத்தோலை நம்பி இந்துஜா கையில் அடிக்க எனக்கு மனசு வரவில்லை.

அடிப்பதற்கு என் கையிலும் பச்சை இருக்கிறது. கல்யாணமான வருஷம் மாரியம்மன் தேரன்று குத்தியது. என் வீட்டுக்காரர் பெயர். வாயால் சொல்லும் வழக்கம் இல்லை, எழுதலாம், தப்பில்லை. நாச்சிமுத்து. பெயருக்கு இரண்டு பக்கமும் ஒவ்வொரு பூ. பெயரைத் தொடுவேனா நான்? இடது பக்கப் பூவை மட்டும் என்று முடிவு செய்தேன்.

மெஷினோடு வந்த, கண்ணுக்குப் போடுகிற பச்சை நிறக் கிளாஸ் ஒன்றுதான். அதை நான் போட்டுக்கொண்டேன். மேரியைக் கண்ணை மூடிக்கொள்ளச் சொன்னேன். ஸ்டீபன்ராஜ் வைத்துக் கொடுத்த பவர் நம்பரிலேயே அடித்தேன். பூ இருந்த இடம் சுண்ணாம்பு தடவினது போல வெள்ளையாகப் பொங்கியது. "போச்சு, போச்சு!" என்று மேரி கத்தினாள். ஆனால் சித்த நேரத்தில் வெள்ளை மறைந்து பூ பழையபடி நின்றது. முதல் கோட் பிடிக்கவில்லை போல. ப்ளீச்சும் சில பேருக்கு அப்படித்தான், இரண்டாவது கோட் கேட்கும். இரண்டாவது கோட் அடித்தேன். அதுவும் மறைந்தது. மூன்றாவதும் அடித்தேன்.

கொஞ்சம் எரிந்தது. புருவத்துக்கு த்ரெட்டிங் செய்தால்கூடத்தான் எரிகிறது. சும்மா வருமா அழகு?

மார்ச் 11, புதன்

கையில் லேசான சிவப்பு. வெயில் காலம்.

மார்ச் 13, வெள்ளி

முழுக்கை ஜாக்கெட்தான் இப்போது ஃபேஷன். தையல்காரரிடம் இருந்த இரண்டை வாங்கி வந்துவிட்டேன். "இந்த வேகாட்டுல முழுக்கையாக்கா?" என்று மேரி கேட்டாள். ஃபேஷன் தெரியாதவள்.

த்ரெட்டிங் எல்லாம் இன்று மேரியையே செய்யச் சொன்னேன். நூலைப் பல்லில் கடித்து இரண்டு கையாலும் இழுக்கிற வேலை. அவளும் கை பழக வேண்டாமா? இந்துஜாவுக்கு போன் போட்டு, நாளைக்கு வேண்டாம் என்றேன். வோல்டேஜ் சரியில்லை, மெஷின் புதுசு, ரிஸ்க் எடுக்க முடியாது. "சரிங்கக்கா, அடுத்த வாரம் வர்றேன்" என்றாள். நல்ல பிள்ளை.

குளியலறை மாடத்தில் ஒரு மருந்து ட்யூப் கிடக்கிறது. தீக்காயத்துக்குப் போடுகிற மருந்து. இந்த மனுஷன் எதற்கு இதை வாங்கிக் கண்ட இடத்தில் போடுகிறாரோ தெரியவில்லை. கிடக்கிறதே என்று கொஞ்சம் தடவிக்கொண்டேன்.

மார்ச் 17, செவ்வாய்

லீவு நாளில் கூட்டிப் பெருக்கலாம் என்று பார்லருக்குப் போனால், வாசலில் சுகாதாரத் துறை ஜீப். ஒரு அதிகாரி, கூட ஒரு அம்மா. ஊரில் எங்கெங்கே லேசர் இருக்கிறது என்று பார்த்து வருகிறார்களாம். லேசர் என்று புது போர்டு எழுதக் கொடுத்தேனே, அவன்தான் ஊரெல்லாம் தண்டோரா போட்டிருப்பான்.

"லேசர டாக்டருக்குப் படிச்சு, பதிவு பண்ணுனவங்கதான் இயக்கோணுமுங்க. அதுலயும் தோல் டாக்டரா இருந்தா நல்லது" என்றார் அதிகாரி.

"இருவது வருஷமா தொழில் பண்றேனுங்க. இந்த ஊர்ல பாதிப் பொம்பளைங்க மொகம் என்ற கையில வளந்தது" என்றேன்.

"அது தெரியுமுங்க, என்ற சம்சாரமும் இங்கதான் வருது. ஃபேசியல் பண்ணுங்க, மேக்கப் பண்ணுங்க, யாரு கேக்கறாங்க? இது தோலுக்குள்ள போயி வேல செய்யறது. ஏமாந்தா வெந்துபோயிருமுங்க."

எனக்கு ஏனோ கை குறுகுறுத்தது. முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டேன். கூட வந்த அம்மா லேசர் அறைக்குள் போய்ச் சுற்றிப் பார்த்துவிட்டு, "ஐயோ, சுத்தியும் கண்ணாடி!" என்றார். அடிக்கிற வெளிச்சம் கண்ணாடியில் பட்டால் எந்தப் பக்கம் திரும்பும் என்று சொல்லவே முடியாதாம். கண்ணுக்குள் போனால் பார்வையே போய்விடுமாம். லேசர் வைக்கிற அறையில் மினுங்குகிற சாமான் எதுவுமே இருக்கக்கூடாதாம். "இதுல யாருக்காச்சும் அடிச்சீங்களா?" என்று கேட்டார்.

"இன்னும் ஆரம்பிக்கவே இல்லீங்க" என்றேன்.

ஆரம்பிக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டு, மெஷின் மேல் ஒரு சீட்டு ஒட்டிவிட்டுப் போனார்கள். வயிறெரிகிறது! ஏலச்சீட்டு எடுத்து, அலைந்து திரிந்து வாங்கிய மெஷின். பொம்பளை ஒருத்தி முன்னேறினால் ஜீப்பில் ஏறி வந்துவிடுவார்கள்.

மத்தியானம் மேரியை வீட்டிலிருந்து கூப்பிட்டு, ஷாம்பு பாட்டிலின் பின்னால் பொடி எழுத்தில் இருப்பதைப் படிக்கச் சொன்னேன். "எதுக்குக்கா?" என்றாள். "படிடீ" என்றேன். கடைசி வரி வரைக்கும் படித்தாள். வலது கண்ணை மூடிக்கொண்டு படி என்றேன், இடது கண்ணை மூடிக்கொண்டு படி என்றேன். படித்தாள். "உங்களுக்கு என்னமோ ஆயிப்போச்சு" என்றாள். அவளுக்கு பேக்கரியில் காபியும் தேங்காய் பன்னும் வாங்கிக் கொடுத்தேன்.

மார்ச் 19, வியாழன்

ஸ்டீபன்ராஜுக்கு போன் போட்டேன். எனக்குத் தெரிந்த ஒருத்தருக்கு அடித்ததில் லேசாகக் கொப்புளம் மாதிரி வந்திருக்கிறது, ஏன் என்று கேட்டேன்.

"எந்த நம்பர்ல மேடம் வெச்சீங்க?"

"நீ வெச்சுக் குடுத்ததுதான்."

"ஐயோ, அது வெளிநாட்டுக்காரங்க தோலுக்கு மேடம். நம்ம கலருக்குக் கொறைக்கோணும். சொல்லலியா நானு?"

சொல்லவில்லை. வாழைப்பழம் என்ன கலரோ அந்தக் கலருக்கு வைத்திருக்கிறான், படுபாவி. நன்றாகத் திட்டினேன். திட்டி முடிக்கும் வரைக்கும் "சாரி மேடம்" சொல்லிக்கொண்டே இருந்தான். பிறகு, ஜீப் வந்த விஷயத்துக்கு ஒரு வழி சொன்னான். ஒரு டாக்டர் இருக்கிறாராம். போர்டில் அவர் பெயரைப் போட்டுக்கொள்ளலாமாம். அவர் வரவே வேண்டியதில்லை, மாசம் அவருக்கு ஒரு தொகை போய்விட்டால் சரி. "நெறைய எடத்துல அப்படித்தான் மேடம் ஓடுது" என்றான்.

பிரமாதமான யோசனைதான். நம்பரைக் குறைத்து வைத்துக்கொண்டால் போயிற்று. இந்துஜாவுக்கு வாக்குக் கொடுத்துவிட்டு எப்படி விடுவது? நாளைக்குச் சொல்கிறேன் என்று வைத்தேன்.

இன்றைய மாட்டு யோசனை: "காயத்தில் ஈ மொய்க்காமல் பார்த்துக்கொள்ளவும்." என்னத்தையோ அச்சடிக்கிறார்கள்.

மார்ச் 20, வெள்ளி

ஸ்டீபன்ராஜ் நாலு தடவை கூப்பிட்டான். எடுக்கவில்லை.

மார்ச் 22, ஞாயிறு

பங்குனி முகூர்த்தம். நாற்காலி நிறையப் பெண்கள். அந்த நடுவில் இந்துஜா வந்து நின்றாள். ஓடிவிட்டு நேராக வந்திருக்கிறாள், வியர்வை சொட்டுகிறது.

"அக்கா, போன வாரம் வோல்டேஜுன்னீங்க. அதுக்கப்பறம் மெஷின் சர்வீஸுன்னீங்க. மெடிக்கலுக்கு அஞ்சு வாரம்தான் இருக்குது. அடிப்பீங்களா, மாட்டீங்களா?"

"அவசரப்படாத கண்ணு" என்றேன்.

"எனக்கு அவசரம்தானுங்கக்கா. வெளியூர்ல ஒரு டாட்டூ கடையில ஃபுல் பவர்ல வெச்சு ஒரே நாள்ல எடுத்துத் தர்றாங்களாம். புதங்கிழம வரச் சொல்லிட்டாங்க."

"ஐயோ, போகாத!" என்று கத்திவிட்டேன். மேக்கப் போட்டுக்கொண்டிருந்த பெண்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"ஏன் போகக்கூடாது?"

இருபது வருஷமாகத் தொழில் செய்கிறவள் நான். கடை நிறைய கிராக்கி உட்கார்ந்திருக்கிறது. "உன்ற இஷ்டம்" என்று சொல்லிவிட்டுப் பெண்ணுக்குப் பவுடர் போடத் திரும்பினேன். அவள் கதவைச் சாத்திய வேகத்தில் கதவு மணி கழன்று விழுந்தது.

சாயங்காலம் காபி குடிக்கும்போது என் வீட்டுக்காரர் சாவதானமாக, "ஏம் புள்ள, அந்தப் புள்ளைக்கு உன்ற கையக் காட்டலியா?" என்று கேட்டார்.

"எந்தக் கையி?" என்றேன்.

"என்ற பேரு கருகிக் கெடக்குதே, அந்தக் கையி."

காபி டம்ளரைக் கீழே வைத்தேன். எத்தனை நாளாகத் தெரியும் என்று கேட்டேன். முதல் நாளே தெரியுமாம். தூக்கத்தில் கையைத் தூக்கித் தலையணை மேல் வைத்துக்கொண்டு முனகினேனாம். மருந்து வாங்கி வைத்ததும் அதற்காகத்தான். "நீயாச் சொல்லுவீன்னு பாத்தேன். நீதான் வாயத் தொறக்க மாட்டயே" என்றார். கோபமே இல்லை அந்த மனுஷனுக்கு. கோபப்பட்டிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். அழுதுவிட்டேன்.

சரி, இனிமேல் இந்த டைரியில் என்ன மறைப்பு? மூன்று கொப்புளம் வந்தது. ஊசியால் குத்தி உடைத்தேன். ஒன்று சீழ் பிடித்துவிட்டது. கைப்பிள்ளை மாதிரி இடது கையைத் தூக்கிக்கொண்டு திரிகிறேன். பூ இருந்த இடம் வெந்து, தோல் உரிந்து, அவர் பெயரின் முதல் எழுத்து வரைக்கும் ஏறிவிட்டது. வலி உயிர் போகிறது.

மார்ச் 24, செவ்வாய்

விடிந்ததும் காலேஜ் மைதானத்துக்குப் போனேன். தினமும் இந்துஜா அங்கேதான் ஓடுவாள் என்று பேபியம்மா சொல்லியிருக்கிறாள். நான் போனபோது ஓடிக்கொண்டிருந்தாள். என்ன ஓட்டம்! என்னைப் பார்த்ததும் பார்க்காத மாதிரி தாண்டி ஓடினாள். மறுபடி வந்தாள், மறுபடி தாண்டி ஓடினாள். நான் போய் அவள் ஓடுகிற பாதையிலேயே நின்றுகொண்டேன்.

"என்னங்கக்கா?"

கை பொத்தானைக் கழற்றி, ஜாக்கெட்டைச் சுருட்டி மேலே ஏற்றினேன். துணி புண்ணில் ஒட்டியிருந்தது. பிய்த்து எடுத்தேன்.

அவள் மூச்சு வாங்குவதை நிறுத்திவிட்டாள். கிட்டே வந்து கையைப் பிடிக்கப் போய், பிடிக்காமல் நின்றாள். "வலிக்குதாக்கா?"

"வலிக்குது கண்ணு" என்றேன். "நாந்தான் அடிச்சுக்கிட்டேன். உனக்கு அடிக்கறதுக்கு முந்தி எனக்கு அடிச்சுப் பாத்தேன். மேல மேல மூணு தடவ அடிச்சேன். நாளைக்கு நீ போற எடத்துல ஃபுல் பவருங்கறாங்களே, அவங்க என்ன கையிலயா அடிச்சுப் பாத்திருக்கறாங்க? பழத்துலதான் பாத்திருப்பாங்க. போகாத சாமி."

சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேனா, கட்டிக்கொள்வாள் என்று நினைத்தேனா, எனக்கே தெரியவில்லை. அவளுக்குக் கோபம்தான் வந்தது. "இத அன்னிக்கே சொல்லியிருக்கலாமில்ல? சொல்லியிருந்தா நான் அப்பவே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயிருப்பேன். வோல்டேஜாம், சர்வீஸாம்! உங்களுக்கு மானம் போயிருமுன்னு என்ற நாளு பூராப் போச்சு!"

அவள் சொன்னது அத்தனையும் நிஜம். மைதானத்தை இன்னும் ஒரு சுற்று ஓடிவிட்டு, முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்து, "ஆஸ்பத்திரிக்கு என்னிக்குப் போலாம்?" என்றாள்.

மார்ச் 26, வியாழன்

கோயமுத்தூர். பெரிய ஆஸ்பத்திரியில் தோல் பிரிவு. லேசர் பார்ப்பது டாக்டர் ஹசீனா பானு. சின்ன உருவம், கணீரென்ற குரல். லேசர் அறையில் எட்டிப் பார்த்தேன். ஒரு கண்ணாடிகூட இல்லை. சன்னலை அடைத்திருந்தார்கள். உள்ளே போகிற எல்லோருக்கும், கூட நிற்கிற நர்ஸுக்கும்கூட, கிளாஸ் கொடுத்தார்கள். அன்றைக்கு மேரியைக் கண்ணை மட்டும் மூடிக்கொள்ளச் சொன்னேனே என்று நினைத்துக்கொண்டேன்.

இந்துஜாவின் சிறுத்தையை விளக்கு வைத்துப் பார்த்தார் டாக்டர். "கறுப்பு மையா இருக்கறது நல்லது. ஆனா ஏழெட்டு சிட்டிங் ஆகும்மா. ஒவ்வொண்ணுக்கும் நடுவுல ஆறு வாரமாவது விடணும். தோல் ஆற வேண்டாமா? ஏப்ரலுக்குள்ள முடியாது."

"ஃபுல் பவர்ல வெச்சாலுங்களா?"

"பவர் ஏத்துனா மை சீக்கிரம் போகாது, தோல்தான் வேகும். நம்ம தோல்ல நிறம் அதிகம். அது வெளிச்சத்தை இழுத்துக்கும். பச்சை இருந்தா இந்த வருஷம் வேண்டாம்பாங்க. தழும்பு தடிச்சு மணிக்கட்டு மடங்காமப் போனா, எந்த வருஷமும் வேண்டாம்பாங்க. நீயே யோசி."

இந்துஜா நாற்காலியில் உட்கார்ந்து அழுதாள். நான் தோளைப் பிடித்துக்கொண்டேன். தட்டிவிடவில்லை. சித்த நேரம் கழித்துக் கையை நீட்டி, "ஆரம்பிங்க டாக்டர்" என்றாள். இன்றைக்கு ஒரு ஓரத்தில் பொட்டளவு மட்டும் அடித்துப் பார்த்தார்கள். ஒத்துக்கொண்டால் அடுத்து முதல் சிட்டிங். அவரும் முதலில் அடித்துத்தான் பார்க்கிறார். ஆனால் பொட்டளவு, ஒரே ஒரு தடவை.

அப்புறம் என் முறை. கையைப் பார்த்ததும், "எந்தக் கடையில?" என்றார். "என்ற கடையிலதானுங்க" என்றேன். எல்லாவற்றையும் சொன்னேன், கோட் விஷயம் உட்பட. டாக்டர் தலையில் கை வைத்துக்கொண்டார். அந்த வெள்ளை அப்படித்தான் வந்து மறையுமாம். மறைந்துவிட்டால் அன்றைக்கு வேலை முடிந்தது என்று அர்த்தமாம். மை தானாகக் கரைய வாரக்கணக்கில் ஆகுமாம்.

"பார்லர்ல வெந்துபோய் என்கிட்ட வர்றவங்கள நிறையப் பாத்திருக்கேன். வேக வெச்சவங்களே வந்தது நீங்கதான் முதல் ஆள்" என்றார். திட்டினாரா, பாராட்டினாரா தெரியவில்லை. கட்டுப் போட்டு மாத்திரை கொடுத்தார்கள்.

பஸ்ஸில் இந்துஜா என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். ஊர் வரும் வரைக்கும் நான் அசையவே இல்லை.

ஏப்ரல் 7, செவ்வாய்

மெஷினைத் திருப்பி எடுக்க மாட்டோம் என்று கம்பெனி சொல்லிவிட்டது. என் வீட்டுக்காரர் ஒன்றும் சொல்லாமல் கடை வண்டியில் புண்ணாக்கு மூட்டைகளோடு மூட்டையாக அதை ஏற்றிப் போய், கம்பெனி ஷோரூம் வாசலில் இறக்கி, பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொண்டாராம். வருகிறவர்களிடமெல்லாம், "லேசரு வாங்கறீங்களா? வாங்கறதுக்கு முந்தி என்ற சம்சாரத்து கை போட்டோவப் பாருங்க" என்று போனை நீட்டியிருக்கிறார். மத்தியானத்துக்குள் எடுத்துக்கொண்டார்கள். இந்த மனுஷனுக்குள் இப்படி ஒரு ஆள் இருப்பது எனக்கே தெரியாது.

கண்ணாடி அறை இனி கல்யாணப் பெண்களுக்கு மேக்கப் அறை. மேரி உள்ளே நின்று ஆடிப் பார்க்கிறாள்.

ஏப்ரல் 9, வியாழன்

இந்துஜாவுக்கு முதல் சிட்டிங். நானும் போனேன். வெயிலில் ஓடக்கூடாது என்றார்கள். "இருட்டு விலகறதுக்குள்ள ஓடிப்போடறேன்" என்கிறாள். மெடிக்கலுக்குப் போகத்தான் போகிறாளாம். எடுக்காவிட்டாலும் எப்படி இருக்கும் என்று பார்த்துவிட்டு வருவாளாம்.

ஏப்ரல் 14, செவ்வாய்

சித்திரை ஒன்று. பாயசம், வடை. கட்டை அவிழ்த்தாச்சு. பூ இருந்த இடம் வெளுத்துத் திட்டாக, கொஞ்சம் தடிப்பாக இருக்கிறது. முழுசாக மறையாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவர் பெயரில் முதல் எழுத்து போய்விட்டது. மிச்சத்தையும் எடுத்துவிடலாமா என்று போன வாரம் டாக்டர் கேட்டதற்கு, "அதெல்லாம் வேண்டாமுங்க!" என்று கத்தியதில் வெளியே உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்துவிட்டார்களாம், இந்துஜா சொல்லிச் சிரிக்கிறாள்.

அவரிடம் கையைக் காட்டி, "பாதிப் பேருதான் மிச்சமுங்க" என்றேன். "பாதிப் பேரச் சொல்லிக் கூப்பிட்டாலும் நான் வருவேன் புள்ள" என்று சொல்லிவிட்டு இன்னொரு வடை கேட்டார். எனக்கு இதற்குமேல் என்ன வேண்டும்?

ஏப்ரல் 28, செவ்வாய்

இன்று இந்துஜாவுக்கு மெடிக்கல். போன் எடுக்கவில்லை. லீவு நாளில் வீட்டுப் பாத்திரத்தையெல்லாம் இரண்டு தடவை துலக்கினேன்.

மே 1, வெள்ளி

இந்துஜா வந்தாள். நான் மருதாணிக் கோனோடு நின்றேன். முகத்தைப் பார்த்தே தெரிந்துவிட்டது.

"எடுக்கலீங்கக்கா. எல்லாத்துலயும் சரி, கைதான். 'இத முழுசா எடுத்துட்டு அடுத்த தடவ வா'ன்னு சொன்னாங்க."

என்னைத் திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டட்டும் என்றுதான் நின்றேன். அவள் நாற்காலியில் உட்கார்ந்து தண்ணீர் கேட்டுக் குடித்தாள்.

"எனக்கு முன்னால ஒருத்தி நின்னாக்கா. ஈரோட்டுப் பக்கம். என்னையவிட வேகமா ஓடுவா, ஓட்டத்துல பாத்திருக்கேன். அவளும் கையில பேரு குத்தியிருந்தா. ஏதோ கடையில ஒரே நாள்ல எடுத்திருக்கறாங்க. பேரு போயிருச்சு. அந்த எடமெல்லாம் கயிறாட்டம் முறுக்கிக்கிட்டு நிக்குது. விரல மடக்குன்னாங்க. மடக்க முடியல." டம்ளரைக் கீழே வைத்தாள். "அவகிட்ட அடுத்த தடவ வான்னு யாருமே சொல்லலீங்கக்கா. வெளிய வந்து மரத்தடியில உக்காந்து அழுதா. நானும் உக்காந்துக்கிட்டேன்."

மேரி மூக்கை உறிஞ்சினாள். இந்துஜா எழுந்து வந்து, என் இடது கை ஜாக்கெட்டை அவளே மேலே ஏற்றி, அந்தத் திட்டை விரலால் தடவிப் பார்த்தாள். பிறகு, "அவளுக்கு உங்க நம்பரக் குடுத்திருக்கேன்" என்றாள்.

"எனக்கென்னடீ தெரியும், நான் என்ன டாக்டரா?"

"டாக்டரம்மா நம்பரும் குடுத்தேன். டாக்டர்கிட்டப் போகறதுக்கு அவளுக்குப் பயமா இருக்குதாம். வெக்கமா இருக்குதாம். அதுக்குத்தான் உங்க நம்பரு."

மே 5, செவ்வாய்

லீவு. துணி காயப் போட்டுக்கொண்டிருந்தபோது தெரியாத நம்பரிலிருந்து போன் வந்தது. எடுத்தேன். "அக்கா" என்றது ஒரு குரல். அதற்குமேல் பேச்சு வரவில்லை, அழுகைதான் வந்தது. அழட்டும் என்று கொடிக்கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அவள் மூச்சு விட்ட நேரம் பார்த்து, "எனக்கு எடது கையி" என்றேன். "உனக்கு எந்தக் கை கண்ணு?"